செயலாளரின் ஆண்டறிக்கை: அபெனாக்கி குடிவழிப் பதிவுகள்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானப்படி, இந்த ஆண்டு நம் சங்கம் ஒரே பொருளை எடுத்துக்கொண்டது. கியூபெக்கில் ஒடனாக், வோலினாக் என்ற இரு ஊர்களிலும், எல்லைக்குத் தெற்கே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் பகுதிகளிலும் வேர்கொண்ட, வட அமெரிக்கப் பழங்குடியினரான அபெனாக்கி குடும்பங்களின் வரலாறும் குடிவழியும்தான் அந்தப் பொருள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகம், கட்டடம் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆகவே ஆய்வுப் பணிக்கே நேராக வருகிறேன்.

"எங்கள் முன்னோர் எந்த ஊர்க்காரர்கள்?" என்பதே நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இதற்குக் குடும்பப் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒடனாக் பல இடங்களிலிருந்து வந்தவர்கள் கூடி உருவான ஊர். 1675இல் நியூ இங்கிலாந்தில் மூண்ட போருக்குப் பின் கனெக்டிகட், மெரிமாக், கென்னபெக் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலிருந்து மக்கள் அலை அலையாக வடக்கே வந்தார்கள். சோடியேர் அருவியருகே 1683இல் தொடங்கிய மிஷன் (கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்திய குடியிருப்பு) 1700இல் செயின்ட் பிரான்சுவா ஆற்றங்கரைக்கு, அதாவது ஒடனாக்குக்கு, மாறியது. 1724இல் ஆங்கிலேயர் நோரிட்ஜ்வாக் ஊரைத் தாக்கிப் பாதிரியார் செபாஸ்டியன் ரால் உட்படப் பலரைக் கொன்றபோது, தப்பியவர்களில் பலர் இந்த ஊர்களுக்குத்தான் வந்தார்கள்.

அடுத்து, ஆவணங்களில் விழுந்த பெரிய ஓட்டை. 1759 அக்டோபர் 4 விடியற்காலையில் ஆங்கிலேயர் தரப்பின் ராபர்ட் ரோஜர்ஸின் படை ஒடனாக்கை எரித்தது. 200 பேரைக் கொன்றதாக ரோஜர்ஸ் எழுதினார். பிரெஞ்சுத் தரப்பின் கணக்கு 30 பேரை ஒட்டியே நிற்கிறது. கோவில் எரிந்தபோது மிஷன் பதிவேடுகளும் போயின. அதற்கு முந்தைய ஞானஸ்நானமோ திருமணமோ வேண்டுமென்றால் செயின்ட் பிரான்சுவா தூ லாக், த்ருவா ரிவியேர், சொரேல் போன்ற அக்கம்பக்கத்துப் பங்குகளின் (கோவில் வட்டாரங்களின்) பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். கியூபெக் பங்குகள் பதிவேட்டை இரண்டு படிகளாக எழுதி ஒன்றை நீதிமன்றத்தில் ஒப்படைத்து வந்தன. கோவில் படியில் மை கலைந்திருந்தால் நீதிமன்றப் படியைக் கேளுங்கள். இரண்டிலும் எழுத்து வேறுபடுவது உண்டு, அதனால் இரண்டையும் பார்ப்பதே நல்லது.

பயிலரங்கில் அதிக நேரம் எடுத்தது பெயர்களைப் படிப்பது. அபெனாக்கி மொழியில் 'ர' ஒலி இல்லாததால் மரி என்பது மாலி ஆனது, பியேர் என்பது பியால் ஆனது. பிரான்சுவா பிளாஸ்வா ஆனார், ஜோசப் சோசாப் ஆனார். ஒரே ஆளைப் பாதிரியார் பிரெஞ்சு வடிவத்திலும் பத்திரம் எழுதும் நோட்டரி அபெனாக்கி வடிவத்திலும் எழுதியிருப்பார். இன்னொரு சிக்கல் 8 என்ற எண். ஜெசுயிட் பாதிரிமார் 'ஊ', 'வ' ஒலிகளுக்கு 8 போன்ற ஓர் எழுத்தைப் பயன்படுத்தினார்கள். மகுவாவிடோம்பாவிட் போன்ற ஒரு பெயரில் அது மூன்று நான்கு முறை வரும். பழைய அட்டவணை தயாரித்தவர்கள் அதை ஆங்கில எழுத்துகளான 'பி', 'எஸ்' என்றெல்லாம் படித்துவிட்டார்கள். தேடி எதுவும் கிடைக்கவில்லையென்றால், அந்த இடத்தில் இந்த எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிடைக்காமல் போன தேடல்களில் கணிசமானவை இதில் தீரும்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் புதிய நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். ஆங்கிலக் குடியேற்றங்கள் 1752 வரை பழையதிலேயே இருந்தன, அவர்களின் ஆண்டும் மார்ச் 25இல்தான் தொடங்கியது. பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு சேர்ந்த பழங்குடியினரும் மாசசூசெட்ஸின் டீர்ஃபீல்ட் ஊரைத் தாக்கிப் பலரைச் சிறைப்பிடித்த நாள் ஆங்கில ஏட்டில் பிப்ரவரி 29, 1703/4. பிரெஞ்சுக் கணக்கில் மார்ச் 11, 1704. இதைக் கவனிக்காமல் ஒரே ஆளை இரண்டு ஆட்களாக்கிய கொடிவழிகள் நிறையச் சுற்றுகின்றன.

டீர்ஃபீல்டைக் குறிப்பிட்டதால் சிறைப்பிடிக்கப்பட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸின் சால்ஸ்பரியில் 1697இல் பிடிபட்ட சிறுவன் சாமுவேல் கில் ஒடனாக்கிலேயே வளர்ந்து, தன்னைப் போலவே பிடிபட்டு வந்த ஒரு பெண்ணை மணந்தார். இவர்கள் மகன் ஜோசப்-லூயி கில் ஊர்த் தலைவரானார். ரோஜர்ஸின் படை அவர் மனைவியையும் பிள்ளைகளையும் பிடித்துச் சென்றது. கில் குடும்பம் அபெனாக்கி சமூகத்தின் நடுவில் இன்றும் இருக்கிறது. அந்த ஊரில் வளர்ந்து, ஊராரால் உறவாக ஏற்கப்பட்டதால்தான் அவர்கள் அபெனாக்கி. மறுபக்கம், தலைவர் மடோகவாண்டோவின் மகளை மணந்த பிரெஞ்சு அதிகாரி சான்-காஸ்தானின் வழித்தோன்றல்கள் ஏராளம். பத்துத் தலைமுறைக்கு முந்தைய 1,024 முன்னோர் இடங்களில் ஒன்றில் அந்தப் பெண் இருப்பது பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் இடைப்பட்ட தலைமுறைகள் அந்தச் சமூகத்தோடு வாழவில்லையென்றால் அது குலத்தில் இடம் தராது. மரபணுச் சோதனைக்கும் இதுவே பொருந்தும். எந்தச் சோதனையும் 'அபெனாக்கி' என்று முடிவு சொல்லாது.

ஓர் ஆவணத்தைக் கூட்டத்தில் வரி வரியாகப் படித்தோம். 1765இல் வெர்மான்டின் மிசிஸ்கோய் ஆற்றங்கரை நிலத்தை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவருக்கு 91 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட பத்திரம் அது. ஆண்டு வாடகை 14 ஸ்பானிய டாலர், இரண்டு புஷல் (தானிய அளவை) மக்காச்சோளம், ஒரு காலன் ரம். அதோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் கால் புஷல் விதைக்கு மேற்படாத அளவு சோள நிலத்தை அவர் உழுது தர வேண்டும். நமக்கு முக்கியம் குத்தகை விட்டவர்களின் பட்டியல்: டேனியல் பூர்நெஃப், மரியான் பூர்நெஃப், ஜோசப் அபொம்சாவின், மறைந்த தலைவரின் மனைவி சார்லட் முதலானோர். பூர்நெஃப் என்பது போர்ட்நெஃப், அபொம்சாவின் என்பது ஒபொம்சாவின். இரண்டும் ஒடனாக் பதிவேடுகளில் அடிக்கடி வரும் பெயர்கள். மிசிஸ்கோயைச் சேர்ந்த குடும்பத்தின் திருமணத்தை ஒடனாக் ஏட்டில் தேட வேண்டிய காரணம் இந்தப் பத்திரத்திலேயே இருக்கிறது.

வெர்மான்ட் தொடர்பான கேள்விகளுக்குச் சங்கத்தின் நிலையைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். அங்குள்ள நான்கு குழுக்களை மாநிலம் 2011, 2012 ஆண்டுகளில் அங்கீகரித்தது. அவற்றில் மிசிஸ்கோய் குழுவின் விண்ணப்பத்தை அமெரிக்க மத்திய அரசு 2007இல் நிராகரித்திருந்தது. 1,171 உறுப்பினர்களில் 8 பேர் மட்டுமே மிசிஸ்கோய் அபெனாக்கி முன்னோர் ஒருவரிலிருந்து வந்ததை நிறுவியதாக அந்த முடிவு சொன்னது. ஒடனாக், வோலினாக் சபைகள் இக்குழுக்களிடம் குடிவழிச் சான்று கேட்டு வருகின்றன. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே செயற்குழு கருதுகிறது. 1925 முதல் 1936 வரை வெர்மான்டில் நடந்த இனமேம்பாட்டு ஆய்வு, அதாவது 'தகுதியற்றவை' என்று கருதிய குடும்பங்களைப் பட்டியலிட்ட ஆய்வு, கொடுமையானது. ஆனால் அதன் கோப்பில் ஒரு குடும்பப் பெயர் இருப்பது மட்டும் அபெனாக்கி என்பதற்குச் சான்றாகாது. நாம் யாருக்கும் குலச் சான்றிதழ் தருவதில்லை. பதிவேட்டில் உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம்.

பழங்குடியினராக அரசிடம் பதிவு பெறுவது பற்றிய கனடாவின் இந்தியர் சட்டம் குறித்த அமர்வுக்குத்தான் உறுப்பினர்கள் அதிகம் வந்தார்கள். வேற்றினத்தாரை மணந்த பெண் தன் பதிவை இழப்பாள் என்ற விதி 1869இல் வந்தது, 1985இல் நீங்கியது. ஆனாலும் 6(2) பிரிவில் (பெற்றோரில் ஒருவர் மட்டும் பதிவுக்கு உரியவராக இருப்போருக்கான பிரிவு) சேர்ந்தவர் பதிவில்லாதவரோடு பெற்ற பிள்ளைக்குப் பதிவு கிடைக்காது. பாட்டி வழியில் வந்தவருக்கு ஒரு தலைமுறை முன்பே வழி அடைபட, தாத்தா வழியில் வந்த பங்காளிக்கு அது திறந்தே இருந்தது. இதை எதிர்த்து ஒடனாக்கைச் சேர்ந்த ஸ்டெஃபான் தெஷெனோ தொடுத்த வழக்கில் 2015 ஆகஸ்ட் 3 அன்று தீர்ப்பு வந்தது. அதன் விளைவாக 2017இல் சட்டம் திருத்தப்பட்டது, மீதிப் பகுதி 2019 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது கொள்ளுப்பாட்டியின் திருமணத் தேதியும், நீங்கள் 1985 ஏப்ரல் 17க்கு முன் பிறந்தீர்களா அல்லது பெற்றோர் அதற்கு முன் மணந்தார்களா என்பதுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

இந்தப் பதிவுக்கு விண்ணப்பிப்போர் உங்களிலிருந்து தொடங்கி மேலே போங்கள். பெற்றோர் பெயர் உள்ள நீள வடிவப் பிறப்புச் சான்றிதழே தேவை, சிறு வடிவத்தில் அது இராது. கியூபெக் கத்தோலிக்க ஏடுகள் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரில் எழுதும். அமெரிக்க ஏடுகள் கணவர் பெயரில் எழுதும். எல்லையைக் கடந்த இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. ஆஷ் மரச் சீவலாலும் நறுமணப் புல்லாலும் கூடை முடைந்த குடும்பங்கள் கோடையில் சரடோகா, ஒயிட் மவுண்டன்ஸ் போன்ற சுற்றுலா ஊர்களுக்குப் போய் விற்றன. பிள்ளைகளும் அங்கே பிறந்தார்கள். கனடாவின் 1911 கணக்கெடுப்பு ஜூன் 1 தேதியிட்டது. ஒரு குடும்பம் அதில் இல்லையென்றால் கோடை ஊர் ஏடுகளைத் தேடுங்கள். கத்தோலிக்க ஏட்டிலிருந்து 1830களில் ஒரு குடும்பம் மறைந்தால், பியேர்-போல் வ்ஸோக்கிலென் ஒடனாக்கில் நடத்திய புராட்டஸ்டண்ட் சபைக்கு அது மாறியிருக்கலாம்.

வரும் ஆண்டில் ஒடனாக் திருமணங்களில் உள்ள உறவுத் தடை விலக்குகளுக்கு (நெருங்கிய உறவினர் மணக்கக் கோவில் தந்த அனுமதிகளுக்கு) அட்டவணை போடச் செயற்குழு முடிவு செய்துள்ளது. 'மூன்றாம் படி' என்றிருந்தால் மணமக்களுக்குப் பொதுவான கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி உண்டு என்று பொருள். எரிந்த ஏடுகளின் தலைமுறையை மீட்க நம் கையில் இருக்கும் நல்ல கருவி இதுவே. உதவ விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். நகல் அனுப்பும்போது பக்கத்தின் இடது ஓரமும் முழுமையாக விழும்படி எடுத்து அனுப்புங்கள். பதிவின் எண்ணும் பாதிரியார் பின்னர் சேர்த்த குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

பணிவுடன்,
செயலாளர்