பத்தாம் வகுப்புக் கணிதம்: சனிக்கிழமை பள்ளிக்குப் போகிறோம்

மயூர் விஹார் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

யூனிட் டெஸ்ட்டில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் எல்லாரும் கணிதம் பேசிக் (எளிய நிலை வினாத்தாள், பாடக் குறியீடு 241) தான் எழுத வேண்டும் என்று பள்ளியில் கையெழுத்துக் கேட்கிறார்கள். தயவுசெய்து அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். இது பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்காகச் செய்வது, நம் பிள்ளைகளுக்காக அல்ல என்பதே என் எண்ணம்.

பேசிக், ஸ்டாண்டர்ட் (கடினமான நிலை, குறியீடு 041) இரண்டில் எந்த நிலை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்குத்தான் என்று சிபிஎஸ்இ 2019 ஜனவரி சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றே, வினாத்தாள்தான் வேறு. ஸ்டாண்டர்டில் தவறினாலும் கம்பார்ட்மெண்ட் தேர்வில் (தவறிய பாடத்துக்கான மறுதேர்வு) பேசிக் எழுதலாம். அப்படியிருக்க, பதினொன்றில் கணிதம் எடுக்க நினைக்கும் பிள்ளையை இப்போதே ஏன் பேசிக்கில் தள்ள வேண்டும்?

பிள்ளையே பேசிக் கேட்டால் அது சரிதான், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

மாணவர் பட்டியல் வாரியத்துக்குப் போகும் முன் பேசியாக வேண்டும். சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி வாசலில் கூடுவோம். சுற்றறிக்கை நகலும், பள்ளிக்கு நாம் கொடுக்கும் கடிதமும் நான் கொண்டுவருகிறேன். ஆசிரியர்களிடம் கோபப்பட வேண்டாம், முடிவு அவர்கள் கையில் இல்லை. வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.