தடுத்த கோலுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

டப்ளின் குரோக் பார்க்கில் இருக்கும் கேலிக் அத்லெடிக் அசோசியேஷன் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டமான ஹர்லிங்கில், கில்கென்னி மாவட்ட அணியின் ஹென்றி ஷெஃப்லின் சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் மொத்தம் எவ்வளவு அடித்தார் என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும்: 27 கோல், 484 பாயின்ட். ஒரு பாயின்ட் கூட விடாமல் எண்ணி வைத்திருக்கிறீர்கள். அதே கில்கென்னி அணியில், அதே காலத்தில், அவருக்குப் பின்னால் நின்று ஆடியவர் ஜே.ஜே. டெலேனி. அவர் எத்தனை கோலைத் தடுத்தார்? எத்தனை முறை எதிராளியின் வீச்சைப் பாதியில் நிறுத்தினார்? இதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இதைத் தமிழில் எழுதுவதால், ஹர்லிங் பார்த்திராத வாசகர்களுக்கும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த மட்டை, அதன் பெயர் ஹர்லி. தோல் தைத்த சின்னப் பந்து, அது ஸ்லிட்டர். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே அடித்தால் கோல், மூன்று பாயின்ட். மேலே அடித்தால் ஒரு பாயின்ட். மாவட்ட அணிகளின் பெரிய ஆட்டம் 70 நிமிடம். 80 ஆயிரம் பேர் முன்னால் ஆடுகிற வீரருக்கும் சம்பளம் கிடையாது, திங்கட்கிழமை அவரவர் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

தடுப்பவரின் கையில் இருக்கும் வித்தைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பிளாக்: அடிக்கிறவனுக்கு முன்னால் பாய்ந்து, அவன் மட்டை வரும் வழியில் தன் மட்டையை வைப்பது. பார்க்கும்போது நமக்கே விரல் கூசும். இன்னொன்று ஹூக். இது பின்னாலிருந்து செய்வது. எதிராளி பந்தோடு ஓடுகிறான், நீங்கள் ஓரடி பின்தங்கிவிட்டீர்கள், பிடிக்க முடியாது. அவன் அடிப்பதற்கு மட்டையை ஓங்கியே ஆக வேண்டும். ஓங்கிய மட்டை கீழே இறங்கும் அந்த நொடியில், கையை எட்டியமட்டும் நீட்டி, உங்கள் மட்டையை அதன் பாதையில் நுழைக்கிறீர்கள். முன்கூட்டியே நீட்டினால் அவன் பார்த்துவிட்டு வீச்சைச் சுருக்கிக்கொள்வான். தாமதித்தால் பந்து வலைக்குள். மட்டைக்குப் பதில் அவன் கையில் பட்டால் நடுவர் விசில் ஊதுவார். தோற்றுப்போன ஓட்டத்தை மறுபடி ஜெயிக்கிற வேலை இது. ஹர்லிங்கில் இதைவிட அழகான காரியம் எனக்குத் தெரிந்து இல்லை. கோலடிப்பது கூட இதற்கு அப்புறம்தான்.

டெலேனி கில்கென்னி மாவட்டத்தின் ஜான்ஸ்டவுன்காரர், அங்குள்ள ஃபீனியன்ஸ் கிளப்பில் ஆடியவர். 2001இல் மாவட்ட சீனியர் அணிக்கு வந்தார். 2003இல், 21 வயதில், ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரர் விருது. அப்போது அவர் முதுகில் 7ஆம் எண், இடது பக்கத் தடுப்பாளர். 2006இல் இறுதிப் போட்டி நெருங்கிய நேரத்தில் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. கார்க் அணியைக் கில்கென்னி வென்ற அந்த நாளில் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரிக் காயத்துக்குப் பிறகு பலருக்கு வேகம் திரும்புவதில்லை. இவர் திரும்பி வந்து 2007, 2008, 2009 என்று வரிசையாக ஜெயித்த அணியில் நின்றார். பிற்பாடு கோல் வாசலுக்கு நேர் எதிரே, 3ஆம் எண்ணில், ஃபுல் பேக் இடத்துக்கு மாற்றினார்கள். பக்கவாட்டில் ஆடுபவருக்கு ஓடி விளையாட இடம் இருக்கும். நடுவில் நிற்பவர் தவறினால் அடுத்த நொடி கோல். அங்கேயும் அவர் அசரவில்லை. அன்றைய பயிற்சியாளர் பிரையன் கோடி தன் காலத்தில் ஃபுல் பேக்காக ஆடியவர், அந்த இடத்தை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. 2014 நவம்பரில் ஓய்வு பெற்றபோது டெலேனியின் கணக்கில் 9 ஆல் அயர்லாந்து (நாடு தழுவிய சாம்பியன்ஷிப்) பதக்கம், 7 ஆல் ஸ்டார் (அந்தந்த ஆண்டின் சிறந்த பதினைந்து பேரில் ஒருவர்) விருது.

இவையெல்லாம் உங்கள் பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன. நான் கேட்பது வேறு.

2014 செப்டம்பர் 7, குரோக் பார்க், ஆல் அயர்லாந்து இறுதிப் போட்டி. கில்கென்னி 3-22 (3 கோல், 22 பாயின்ட்), டிப்பரரி 1-28. கூட்டிப் பார்த்தால் இரண்டும் 31, சமம். கடைசி நிமிடத்தில் டிப்பரரியின் ஜான் ஓட்வயர் வெகு தொலைவிலிருந்து அடித்த ஃப்ரீ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் அடி) உள்ளே போனதா வெளியே போனதா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பந்து போன பாதையைக் கேமராக்களால் கணிக்கும் ஹாக் ஐ வாங்கி வைத்திருந்தீர்கள். அது மயிரிழையில் வெளியே என்று சொன்னது. சரி, ஒத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 27, மறு ஆட்டம். டிப்பரரியின் ஷேமஸ் கேலனன் தடுப்பை உடைத்துக்கொண்டு கோலுக்கு நேராகப் போய்விட்டார். மட்டையை ஓங்கியாயிற்று. பின்னால் துரத்தி வந்த டெலேனி உடம்பை முழுதாக நீட்டி, மட்டையை உள்ளே விட்டு, அந்த வீச்சை நிறுத்தினார். பந்து அடிபடவே இல்லை. ஆட்டம் முடிந்தபோது கில்கென்னி 2-17, டிப்பரரி 2-14. வித்தியாசம் மூன்று பாயின்ட், அதாவது ஒரு கோல்.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யார் யார் எத்தனை பாயின்ட், அதில் எத்தனை ஃப்ரீயில் வந்தது, யாருக்குப் பதில் யார் இறங்கினார், நடுவர் யார், எல்லாம் இருக்கும். அந்த ஹூக் மட்டும் இருக்காது. அதைப் பார்த்தவர்களின் நினைவிலும், யாரோ வெட்டிப் போட்ட வீடியோத் துண்டிலும்தான் அது இருக்கிறது. கம்பத்துக்கு ஓரிரு அங்குலம் வெளியே போன பந்தை அளக்கப் பணம் செலவழிக்க முடிந்த உங்களால், ஒரு கோலை அழித்த செயலை ஒரு வரியில் எழுதி வைக்க முடியவில்லையா?

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். விருதுப் பட்டியலைப் பாருங்கள். 2003இல் டெலேனி, 2004இல் கார்க்கின் ஷான் ஓக் ஓ ஹால்பீன், 2009இல் கில்கென்னியின் டாமி வால்ஷ். அதற்குப் பிறகு ஒரு தடுப்பாளர் ஆண்டின் சிறந்த வீரர் ஆக 2022 வரை ஆயிற்று. அந்த லிமெரிக் வீரர் டீர்மிட் பர்ன்ஸ் அருமையான ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அவர் தன் பாதியிலிருந்தே பாயின்ட் அடிக்கக்கூடியவர், நீண்ட தூர ஃப்ரீக்களுக்குப் பெயர் போனவர். தடுக்கிறவர் கூட ஸ்கோர் பலகையில் பெயர் வந்தால்தான் கண்ணில் படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கோணல் பார்வையாகவும் இருக்கலாம், ஆனால் அந்தப் பார்வையை மாற்ற உங்களிடம் எண் எதுவும் இல்லையே.

எங்கள் ஊர்ப் பக்கம் கபடி உண்டு. பாடிப் போகிறவனுக்குப் பாயின்ட் இருப்பது போல, அவனைப் பிடிக்கிறவனுக்கும் உண்டு. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீகில் பிடிப்பவரின் புள்ளிகளுக்குத் தனிப் பட்டியலே போடுகிறார்கள். கால் பிடிப்பவரையும் இடுப்பு பிடிப்பவரையும் ரசிகர்கள் பெயர் சொல்லி வாதாடுவது அதனால்தான். நான் ஹூக்குக்குப் பாயின்ட் கொடுக்கச் சொல்லவில்லை. ஆட்ட விதியில் கை வைக்க வேண்டாம். எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.

எண்ணுவது முடியாத காரியமும் இல்லை. மாவட்ட அணிகள் தங்கள் ஆட்களை ஸ்டாண்டில் உட்காரவைத்து ஹூக், பிளாக், பறித்த பந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்கின்றன. ஆனால் அந்தத் தாள் உடை மாற்றும் அறையைத் தாண்டி வருவதில்லை.

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. மிகச் சிறந்த தடுப்பாளருக்கு ஹூக்கே தேவைப்படாது. அவர் நிற்கிற இடத்தைப் பார்த்தே பந்தை வேறு பக்கம் அனுப்புவார்கள். அந்த மதிப்பை எந்த எண்ணும் காட்டாது. எண்ணுக்காக ஆடத் தொடங்கி, நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஹூக்குக்குத் துரத்துகிற இளைஞர்களும் வரலாம். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஷெஃப்லினின் 27-484 கூட அவர் மற்றவர்களுக்கு அமைத்துக் கொடுத்த வாய்ப்புகளைச் சொல்வதில்லை. அதற்காக அதை எழுதாமல் விட்டோமா?

யுனெஸ்கோ 2018இல் ஹர்லிங்கை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படிச் சேர்த்த ஆட்டத்தின் பாதி வித்தை பதிவில் இல்லாமல் இருப்பது 1884இல் தர்லஸில் தொடங்கிய ஒரு சங்கத்துக்கு அழகில்லை. சிறுவர்களுக்கான பயிற்சியில் ஹூக்கையும் பிளாக்கையும் நீங்களே அடிப்படைப் பாடமாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள். பையன் பெரியவனாகி அதைக் குரோக் பார்க்கில் செய்து காட்டினால், கைதட்டலோடு முடித்துவிடுகிறீர்கள்.

அடுத்த சாம்பியன்ஷிப்பிலிருந்து ஒவ்வொரு சீனியர் ஆட்டத்தின் அதிகாரபூர்வ அறிக்கையிலும் ஸ்கோர் அடித்தவர்களுக்குக் கீழே ஹூக் செய்தவர், பிளாக் செய்தவர் பெயரும் நிமிடமும் வரட்டும். எது ஹூக், எது பாதி ஹூக் என்ற வரையறையை ஓய்வு பெற்ற தடுப்பாளர்கள் நாலு பேரை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். டெலேனியையும் வால்ஷையும் கூப்பிட்டால் வராமலா போவார்கள்? அப்புறம், தொலைக்காட்சிப் பதிவு இருக்கிற பழைய இறுதிப் போட்டிகளைப் பின்னோக்கிப் பார்த்து எண்ணும் வேலை. அதற்குச் சம்பளம் இல்லாமல் உட்கார ஆர்வலர்கள் கிடைப்பார்கள். உங்கள் சங்கமே அப்படித்தானே நடக்கிறது. 2014 மறு ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஹர்லிங் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன்