வெங்காயச் சருகும் வண்டி ஏசியும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய 5,000 ரூபாய் வந்தது. ஆனால் நீ சொன்ன மாதிரி வண்டி ஏசிக்கு கேஸ் போடவில்லை. போனில் காரணம் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏசி மந்தம் என்றாலே கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறாய். அது என்ன டீசலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. பழைய ஓஸ்களில் வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், உண்மைதான். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஓட்டை. அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, பஞ்சரான ட்யூபுக்குக் காற்றடிக்கிற வேலை. கசியும் இடத்தில் ஆயிலும் சேர்ந்து வந்து, தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்தேன். எல்லாம் காய்ந்தே கிடந்தது.

துப்பு கொடுத்தது வண்டிதான். கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு அம்பத்தூருக்குப் போகும்போது, நூறடி ரோட்டில் ஓடுகிற வரைக்கும் ஓரளவு குளிரும். பாடி பக்கம் நெரிசலில் நின்றால் ஐந்தே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேஸ் குறைவென்றால் பெரும்பாலும் ஓடினாலும் மந்தம், நின்றாலும் மந்தம். நிற்கும்போது மட்டும் குளிர் போகிறது என்றால் முதலில் கண்டன்சரை, அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற பாகத்தை, பார்க்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று அதைக் காப்பாற்றிவிடுகிறது.

நம் பழைய மெக்கானிக் வந்து கேஸின் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினார். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது உயரழுத்த முள் 300 பிஎஸ்ஐயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. நம் ஏசியில் இருக்கும் 134ஏ என்ற கேஸுக்கு நம் ஊர் வெயிலில் 250 பக்கம் நின்றால் போதும். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாளித் தண்ணீரை கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்றினார். முள் சர்ரென்று இறங்கியது, உள்ளே ஜிலுஜிலு காற்று. அவ்வளவுதான், திருடன் அகப்பட்டுவிட்டான்.

கிரில்லைக் கழற்றினால், கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வெங்காயச் சருகு! கோயம்பேடு மார்க்கெட்டே அங்கே குடியிருக்கிறது. சேறு, புறா இறகு வேறு. வாட்டர் சர்வீஸில் வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும் என்று, வீட்டு ஓஸையே வைத்துப் பின்பக்கமிருந்து முன்னால் தள்ளித் தள்ளிக் கழுவினோம். உன் அம்மா வாசலில் ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னோடு பேசவில்லை.

அப்புறமும் முள் கொஞ்சம் உயரத்திலேயே நின்றது. ஃபேன் ஒழுங்காகத்தான் சுற்றியது. கேஸை மெஷினில் இறக்கி எடை பார்த்தால், பானெட் ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைவிடக் கிட்டத்தட்ட 200 கிராம் கூடுதல்! போன வருஷம் ஒரு கடையில் போட்டோமே, அங்கே எடையே பார்க்காமல் "நல்லா கூலிங் வரட்டும் சார்" என்று ஏற்றியது. கேஸ் கூடினால் கண்டன்சருக்குள் திரவம் தேங்கி, சூடு ஆற இடமில்லாமல் போகிறது. நீ அனுப்பிய பணத்துக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் கம்ப்ரசரே போயிருக்கும். மெக்கானிக் முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு, அதாவது குழாயில் இருந்த காற்றை உறிஞ்சி, உள்ளே இருந்த ஈரத்தை எடுத்துவிட்டு, எடை பார்த்து ஏற்றினார்.

எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்க, ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரைக் குளிர்காற்று வரும் வென்ட்டில் வைத்தேன். அது 32 டிகிரிக்குக் கீழே எண்ணே காட்டாதாம். மெக்கானிக் சிரித்துவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தார். வெளியே 38, நின்ற வண்டியில் வென்ட்டில் 11.

2025 அக்டோபரிலிருந்து செய்யப்படும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். நான் லாரி ஓட்டிய காலத்தில் கழுத்தில் போட்ட ஈரத் துண்டுதான் ஏசி. இப்போது நம் வண்டியிலேயே நல்ல குளிர் வருகிறது, அதனால் நீ சொன்னபடி அதை விற்பதாக இல்லை.

செலவு 2,200. மீதியில் வெடிப்பு விட்டிருந்த பெல்ட்டை மாற்றிவிட்டேன். நேற்று மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து, "சார், வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுது" என்றார். சொட்டட்டும் என்றேன், ஏசி நன்றாகக் குளிர்ந்தால் வருகிற தண்ணீர்தானே அது. போன வருஷம் பூரா ஒரு சொட்டுகூட விழவில்லை.

அன்புடன்,
அப்பா