கன்சோலில் சிவப்பு வந்தால் எல்லாமே எங்கள் தலையிலா? பேக்எண்ட் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் பக்கங்களைத் தயாரித்து அனுப்பும் நண்பர்களே, வணக்கம். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டைக் கவனிக்கும் ஃப்ரண்ட்எண்ட் ஆட்கள் நாங்கள். பிரவுசர் தன் பிழைகளைச் சிவப்பில் காட்டும் இடம்தான் கன்சோல்.

"ஜாவாஸ்கிரிப்ட் எரர், ஃப்ரண்ட்எண்ட் பார்க்கவும்" என்று எழுதி எங்களுக்குத் திருப்பிவிடுகிறீர்களே, அந்தப் பிழைப் புகார் டிக்கெட்டுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்தப் பக்கத்து ஸ்கிரிப்டில் பாதியை நாங்கள் எழுதினோம், ஒப்புக்கொள்கிறோம். மீதியை, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும், மதிப்புகளைப் பக்கத்தில் அச்சிடும் உங்கள் எக்கோ வரிகள்தான் எழுதுகின்றன.

வாடிக்கையாளர் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு 'திருத்து' பொத்தான். வரிசைகளை ஒவ்வொன்றாக உருவாக்கும் லூப்புக்குள், பொத்தானை அழுத்தினால் ஓடும் ஆன்கிளிக்கில், பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எக்கோ செய்திருக்கிறீர்கள். முருகனுக்கு வேலை செய்கிறது, பாத்திமாவுக்கும் செய்கிறது. தூத்துக்குடிப் பக்கம் சகஜமான டி'குரூஸ் வந்தால் மட்டும் பொத்தான் செத்துக் கிடக்கிறது. பெயரில் இருக்கும் குறி மேற்கோளை நடுவிலேயே மூடிவிட்டது. ஒவ்வொரு ஆன்கிளிக்கையும் பிரவுசர் தனித்தனியாகப் படிப்பதால் மற்ற வரிசைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. உங்களிடமிருந்து "எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது" என்று பதில் வருவதும் அதனால்தான். இதே பெயரை ஸ்கிரிப்ட் டேகுக்குள் இப்படி எக்கோ செய்திருந்தால், அந்த டேகில் ஒரு வரிகூட ஓடியிருக்காது.

"சிறப்புக் குறிகளைக் குறியீடாக மாற்றும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் போட்டிருக்கிறோமே" என்பீர்கள். சரி. பிஎச்பி 8.1-க்கு முன்பு, தனியாகச் சொன்னாலொழிய அது ஒற்றை மேற்கோளைத் தொடாது. 8.1 முதல் தானாகவே &#039; என்று மாற்றிவிடும். சோர்ஸைத் திறந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், பொத்தான் மட்டும் அப்போதும் ஓடாது. ஆன்கிளிக் போல டேகுக்குள் எழுதும் ஆட்ரிபியூட்டைப் படிக்கும்போதே பிரவுசர் அந்த &#039;-ஐ மறுபடி மேற்கோளாக்கி, அதற்குப் பிறகுதான் ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுக்கிறது. அனுபவசாலிகளே தலையைச் சொறியும் இடம் இது.

இதற்கு வழி இருக்கிறது. பெயரை, தகவலை மட்டும் சுமக்கும் ஒரு டேட்டா ஆட்ரிபியூட்டில் வையுங்கள், இரட்டை மேற்கோளுக்குள். அங்கே ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் போதும். டேபிளின் மேல் ஒரே ஒரு லிசனர் வைத்து க்ளிக்கை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். பின்னால், பக்கத்தை மறுபடி திறக்காமலே, நீங்கள் ஏஜாக்ஸில் அனுப்பும் வரிசைகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே மதிப்பு வேண்டுமென்றால் மதிப்பை ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரியும் ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் ஜேசன் என்கோட் இருக்கிறது. மேற்கோளையும் அதுவே போட்டுவிடும், வெளியே நீங்கள் இன்னொன்று போட வேண்டாம்.

இதில் நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு. தமிழ் எழுத்தெல்லாம் சாய்கோடும் எண்ணுமாக மாறுவது பிடிக்காமல் ஜேசன் என்கோடில் 'அன்எஸ்கேப்டு யூனிகோட்' என்ற விருப்பத்தைச் சேர்க்கிறோம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கூடவே, கைப்பழக்கத்தில், / குறிக்கு முன் \ சேர்ப்பதை நிறுத்திவிடும் 'அன்எஸ்கேப்டு ஸ்லாஷஸ்' என்பதையும் ஒட்டிவிடுகிறோம். பிறகு யாராவது கருத்துப் பெட்டியில் ஸ்கிரிப்ட் டேகை மூடும் குறியைத் தட்டினால் போதும். மேற்கோளுக்குள் இருந்தாலும் பிரவுசருக்குக் கவலையில்லை, ஸ்கிரிப்ட் அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மிச்சக் கோட் பக்கத்தில் எழுத்தாகக் கொட்டும். விஷமம் தெரிந்தவன் அதற்குப் பின்னால் தன் சொந்த ஸ்கிரிப்டையே எழுதிவைப்பான்.

லூப்புக்குள் எல்லா வரிசைக்கும் ஒரே ஐடி, அதாவது ஒரே அடையாளப் பெயர், கொடுப்பதைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. ஐடியை வைத்துத் தேடினால் முதல் வரிசைதான் கிடைக்கும், அவ்வளவுதான்.

கன்சோல் 412-ஆம் வரியில் பிழை என்கிறது, உங்கள் கோப்பில் மொத்தமே 90 வரி என்றால் குழம்ப வேண்டாம். அது பிரவுசருக்கு வந்து சேர்ந்த பக்கத்தின் வரி எண். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் எலிமென்ட்ஸ் டேபில் (tab) தேடுவதும் உதவாது, அங்கே தெரிவது ஸ்கிரிப்டுகள் கைவைத்து முடித்த பிறகான நிலை. நெட்வொர்க் டேபில், சர்வர் அனுப்பிய ரெஸ்பான்ஸைத் திறந்து அந்த வரியைப் பாருங்கள். டிக்கெட்டில் அதையும் ஒட்டி அனுப்பினால் பாதி டிக்கெட்டுகள் எங்களிடம் வரவே வராது.

கடைசியாக, ஜேசன் எதிர்பார்த்த இடத்தில் '<' வந்துவிட்டது என்று புலம்பும் அந்தப் பிரபலமான எரர். ஜேசனில் அந்தக் குறி தொடக்கத்தில் வர வழியே இல்லை. பெரும்பாலும், ஒன்று, உங்கள் பிஎச்பி வார்னிங் ஹெச்டிஎம்எல் டேகோடு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். அல்லது லாகின் நேரம், அதாவது செஷன், முடிந்து, ஜேசனுக்குப் பதில் லாகின் பக்கம், 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற நல்ல பெயரோடு வந்திருக்கும். லைவ் சர்வரில் வார்னிங்கைத் திரையில் காட்டாமல் லாக் கோப்பில் எழுதுங்கள். செஷன் முடிந்திருந்தால் ஏஜாக்ஸ் அழைப்புக்கு, 'லாகின் தேவை' என்று சொல்லும் 401 அனுப்புங்கள், லாகினுக்குக் கூட்டிப்போவது எங்கள் பாடு.