ஷீலாவுக்கு, நாகர்கோவிலிலிருந்து

அன்புள்ள ஷீலா,

வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவதெல்லாம் கடிதக் கணக்கில் வராது என்று நீ சொன்ன பிறகும் இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். திட்டிக்கொள். அம்மா சுகம், முழங்கால் மட்டும் பழையபடிதான். ரீட்டா டீச்சர் உன்னைக் கேட்டார். அந்தக் குடையை இன்னும் மறக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், இரவு ஷிஃப்டை விட்டாச்சு. இப்போது எங்கள் கால்நடை கிளினிக்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சிரிக்காதே மக்கா, உன் 'மாட்டு நர்ஸ்' டீச்சராகிவிட்டாள்.

போன வாரம் திருவட்டார் பக்கமிருந்து ஓர் ஆட்டைத் தூக்கி வந்தார்கள். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) பிடுங்கிப் போட்ட இடத்தில் இலையை மேய்ந்திருக்கிறது. வாயில் நுரை, மூச்சு இழுக்கிறது. ஈறைப் பாருங்கள் என்றேன். "நல்ல சிவப்பா இருக்கு அக்கா, பயமில்ல" என்றான் ஒரு பையன். பயமே அந்தச் சிவப்பில்தான். மரச்சீனி இலையிலும் ரப்பர் இலையிலும் சயனைடு உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ரத்தம் சிவந்தே கிடக்கும். டாக்டர் சோடியம் நைட்ரைட்டும், பின்னாலேயே சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றினார். இரண்டாவது வேறொன்றுமில்லை, நம்ம ஸ்டுடியோ அண்ணாச்சி போட்டோ கழுவ வைத்திருந்த அதே ஹைப்போ! சாயங்காலம் அந்த ஆடு என் நோட்டைத் தின்னப் பார்த்தது.

அன்றிலிருந்து என் வகுப்பே ஈறில்தான் தொடங்குகிறது. வெளுப்பா, நீலமா, மஞ்சளா, சிவப்பா? அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்புகிறதா? மானிட்டர் எல்லாம் அப்புறம். நாய்க்கு நெஞ்சழுத்தமும் சொல்லிக்கொடுத்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, மனிதர்களுக்கு நீங்கள் செய்கிற கணக்கேதான். ஆனால் வாயை மூடிப் பிடித்து மூக்கில் ஊத வேண்டும் என்றதும் பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

சரி, உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் உண்டு. இங்கிலாந்தில் விலங்கு நர்சுகளுக்கும் பதிவேடு உண்டு. இங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை டாக்டர்களைப் பதிவு செய்கிறது. டிப்ளமோ, சான்றிதழ் உள்ள உதவியாளர்கள் டாக்டர் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்கிறது. கிளினிக்கில் விடிய விடிய ட்ரிப் பார்க்கிறவளுக்குப் பேரே இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் என் சம்பளச் சீட்டில் 'ஹெல்பர்' என்றுதான் இருந்தது. என்னிடம் படிக்கிறவர்களில் ஒருத்தி, கையில் அத்தனை நிதானம். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டதற்கு அவள் அப்பா 'கம்ப்யூட்டர்' என்றாராம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் ஓர் உதவி. உங்கள் படிப்பில் செய்முறைத் தேர்வை எப்படி மார்க் போடுவார்கள் என்று ஒரு தாளில் விவரமாக எழுதி அனுப்பு. டாக்டர் கையெழுத்தோடு இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சான்றாவது கொடுத்துப் பார்க்கிறேன். கிறிஸ்துமசுக்கு வரும்போது சாக்லேட் எல்லாம் வேண்டாம். அம்மாவோ, சாக்லேட் வேண்டும் என்கிறாள்.

உன்,
லதா