லிஸ்ட்தானா என்று கேட்காதீர்கள்: பைத்தான் லைப்ரரி எழுதுபவர்களுக்கு ஒரு மடல்

லைப்ரரி எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் நண்பர்களே,

வணக்கம். உங்கள் உழைப்பில்தான் என் வேலை தினமும் ஓடுகிறது, அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பெரிய லாக் ஃபைலை வரி வரியாகப் படித்துத் தரும் கிளாஸ் ஒன்றை எழுதினேன். லூப் கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துத் தர வழிசெய்யும் டண்டர் ஐட்டர் என்ற மெத்தடை அதில் வைத்திருந்தேன், ஃபார் லூப்பில் ஒழுங்காக ஓடியது. அதையே ஒரு லைப்ரரி ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், லிஸ்ட்தான் வேண்டும் என்று டைப்எரர்! உள்ளே போய்ப் பார்த்தேன். அது செய்வது ஒரே ஒரு ஃபார் லூப். இன்டெக்ஸும் கேட்கவில்லை, நீளமும் கேட்கவில்லை, கொடுத்தது லிஸ்ட் வகைதானா என்று முதல் வரியில் சோதிக்கும் இஸ்இன்ஸ்டன்ஸ் மட்டும்தான் தடை. வேறு வழியில்லாமல் எல்லா வரிகளையும் லிஸ்ட்டாக்கிக் கொடுத்தேன், மெமரி எகிறியது, வரி வரியாகப் படிக்க நான் பட்ட பாடு அத்தனையும் வீண்.

வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரி கத்தினால் வாத்து என்றே வைத்துக்கொள்வதுதானே டக் டைப்பிங்? பைத்தானின் ஃபார் லூப் 2001இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஐட்டரேட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, முடிந்துவிட்டது என்று சொல்லும் ஸ்டாப்இட்டரேஷன் வரும்வரை அடுத்தது, அடுத்தது என்று எடுத்துக்கொண்டே போகும். டண்டர் ஐட்டர் இல்லையா, சரி, எண்ணைச் சொன்னால் அந்த இடத்தில் இருப்பதைத் தரும் டண்டர் கெட்ஐட்டம் இருந்தால் 0, 1, 2 என்று இன்டெக்ஸ்எரர் வரும்வரை கேட்டுப் பார்க்கும். டைப் விஷயத்தில் கறாரான சி ஷார்ப் மொழிகூட அதன் ஃபார்ஈச் லூப்புக்கு எந்த இன்டர்ஃபேஸையும் (இன்னின்ன மெத்தட் இருக்கும் என்ற அறிவிப்பு) கட்டாயமாக்கவில்லை, கெட்எனுமரேட்டர், மூவ்நெக்ஸ்ட், கரன்ட் என்ற பெயர்கள் சரியான வடிவில் இருந்தால் போதும்.

யாராவது தெரியாமல் ஸ்டிரிங் கொடுத்துவிட்டால் எழுத்து எழுத்தாகப் பிரிந்துவிடுமே என்ற உங்கள் பயம் எனக்கும் புரிகிறது, நானும் அதில் மாட்டியிருக்கிறேன். அதற்கு ஸ்டிரிங்கை மட்டும் மறுத்தால் போதுமே! மற்றதற்கெல்லாம் ஐட்டரேட்டரைக் கேட்டு வாங்கும் ஐட்டர் ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஐட்டரபிள்தானா, அதாவது லூப்பில் ஓடக்கூடியதுதானா, என்று இஸ்இன்ஸ்டன்ஸில் சோதித்தால், கெட்ஐட்டம் மட்டும் உள்ள கிளாஸ்களை அது இல்லையென்று சொல்லிவிடும்.

அப்புறம், உங்கள் லைப்ரரியே தரும் கலெக்‌ஷன்களைப் பற்றியும் ஒன்று. டண்டர் ஐட்டரில் புது ஐட்டரேட்டர் தராமல் செல்ஃபையே, அதாவது அந்தப் பொருளையே, திருப்பி அனுப்பி, எந்த இடத்தில் நிற்கிறோம் என்ற எண்ணையும் அதற்குள்ளேயே வைத்துவிடுகிறீர்கள். முதல் லூப் ஓடும். இரண்டாவது லூப் எந்த எரரும் காட்டாமல் காலியாக முடியும். ஒரே கலெக்‌ஷன்மேல் லூப்புக்குள் லூப் போட்டால் இரண்டும் அந்த ஒரே எண்ணை நகர்த்தி, உள் லூப் முடியும்போது வெளி லூப்பும் முடிந்துவிடும். எரர் வந்தாலாவது தேடலாம், விடை மட்டும் குறைவாக வந்தால் யாருக்குத் தெரியும்? டண்டர் ஐட்டருக்குள், மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் யீல்ட் போட்டு எழுதினாலே ஒவ்வொரு லூப்புக்கும் புது ஐட்டரேட்டர் கிடைத்துவிடும், கோடும் பாதியாகக் குறையும்.

அடுத்த பதிப்பில் அந்த இஸ்இன்ஸ்டன்ஸ் வரியை எடுத்துவிட்டு, என்ன வகை வரும் என்று குறிக்கும் டைப் ஹின்ட்டில் லிஸ்ட் என்று இருப்பதை ஐட்டரபிள் என்று மாற்றித் தாருங்கள். உதவி வேண்டுமென்றால் டெஸ்ட்களோடு சேர்த்து நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரிகளை நம்பி வேலை பார்க்கும் ஒருவர்