அப்பாவின் வீடும் அப்பாவின் கதைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2003-இல் காலமான என் அப்பா விட்டுச்சென்ற சொத்து இரண்டு: மயிலாடுதுறையில் மூன்று சென்ட் இடத்தில் ஓர் ஓட்டு வீடு, குழந்தைகளுக்காக எழுதிய நாற்பது கதைகள். வீட்டுக்கு யாராவது சொந்தம் கொண்டாடினால் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என எடுத்துக்காட்ட ஒரு கோப்பே வைத்திருக்கிறேன். கதைகளுக்கு எதைக் காட்டுவது?

சென்ற மாதம் அக்கதைகளைப் புத்தகக் கடையில் புது அட்டையோடு பார்த்தேன். எங்களை யாரும் கேட்கவில்லை. பதிப்பகத்தில் விசாரித்தால், 1998-இல் அப்பா எழுதிக்கொடுத்த அரைப்பக்கத் தாளை நீட்டினார்கள். "வெளியிடும் உரிமையைத் தருகிறேன்", அவ்வளவுதான். எத்தனை ஆண்டு என்ற பேச்சே இல்லை. பச்சை மையில் அவருடைய சாய்ந்த எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

நிலத்தைக் கிரயம் செய்துகொடுத்தால் போனது போனதுதான். எழுத்து அப்படியல்ல. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. எழுத்தாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரியாது.

வீடு என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் வரும். கதைகளோ அப்பா காலமாகி அறுபது ஆண்டு, அதாவது 2063 முடிய மட்டுமே எங்களுடையவை. பிறகு எல்லோருக்கும் பொது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. பாரதியின் எழுத்துகளை அரசு வாங்கிப் பொதுவாக்கியதை அப்பா அடிக்கடி பெருமையாகச் சொல்வார்.

அதுவரை வாரிசுகளைக் கேட்டுவிட்டு அச்சிடுங்கள். உரிமை யாருடையது, ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை என்பதை ஒவ்வொரு நூலின் இரண்டாம் பக்கத்திலும் போடுங்கள் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
மயிலாடுதுறை.